காற்றுப் புகாத அறை

அந்த ஊரில் அவளுடைய முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். குரலைக் கேட்காதவர்கள் அதைவிடக் கொஞ்சம். கடைத்தெருவில் இருந்த பெரிய கட்டடத்தின் லிஃப்டில் ஏறினால், "கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்று சொல்வது அவள்தான். மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டால், "எங்கள் ஊழியர்கள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்" என்று ஆளைப் படுத்தி எடுப்பதும் அவள்தான். இவையெல்லாம் சில்லறை வேலைகள். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பதுதான் அவளுடைய முழுநேரத் தொழில். இதையெல்லாம் விளக்கிச் சொன்னால் தெருவில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. அதனால் சின்னவர், பெரியவர் வித்தியாசம் இல்லாமல் "லிஃப்ட் அக்கா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அவள் புருஷன் தச்சர். கதவு, ஜன்னல் வேலையில் கைசுத்தமான ஆள். அவர் மாட்டிய கதவு மழைக்காலத்தில் இறுகாது, வெயில் காலத்தில் இளைக்காது. பேச்சு குறைவு. பேசினால் குத்தலாக ஒன்று வந்து விழும்.

"ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் தயவுசெய்து காத்திருங்கன்னு கெஞ்சுற. என்னை மட்டும் ஏன் ஒரு வாய் காபிக்குக்கூட உட்கார விடமாட்டேங்கிற?"

"அதுக்குக் காசு குடுக்குறாங்க. நீங்க குடுக்குறீங்களா?"

இப்படித்தான் போகும் அவர்கள் பேச்சு. ஒரே மகள். கல்லூரிக்குப் போன பிறகும் வீட்டில் அவள் "பாப்பா"தான்.

வீடு ஒரு பாறைச் சரிவை வெட்டிக் கட்டியது. தெருவிலிருந்து பார்த்தால் மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கும். உள்ளே போய்ப் படியிறங்கினால் பாதி பூமிக்குள் புதைந்த மாதிரி ஒரு கீழறை. அதன் பின்சுவருக்கு அப்பால் வெறும் பாறைதான். உடைந்த நாற்காலிகளும் காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்களுமாய்க் கிடந்த இடம் அது. மேலே இருக்கும் அறைகளில் தெருவின் இரைச்சல் முழுக்க வந்து கொட்டும். லாரிகள் போகும் சாலை. பக்கத்து வீடோ வெல்டிங் பட்டறை. நதி எங்கே பிறக்கிறது என்று அவள் பூகோளப் பாடத்தைத் தொடங்கும் நேரம் பார்த்து அங்கே இரும்பு அறுப்பான். பல வருஷங்கள் அவள் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, தலைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் வாசித்தாள். வியர்த்துக் கொட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் முக்குளித்து எழுந்தவள் மாதிரி வெளியே வந்து மூச்சு வாங்குவாள்.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவர் ஒருநாள் கீழறையைக் காலி பண்ணினார்.

வெளிவேலை இல்லாத நாள்களில் எல்லாம் அங்கேயே கிடந்தார். சுவரையொட்டி மரச்சட்டம் அடித்து, இடையில் பஞ்சை இறுக்கி அடைத்து, மேலே துளை போட்ட பலகை பதித்தார். ஆள் தலை நுழையும் அளவுக்கு இருந்த ஒரே ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசினார். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கதவுகள், நான்கு விளிம்பிலும் ரப்பர் பட்டை. பழைய சிமெண்ட் தரையின் மேல் தடிமனான கம்பளம். எல்லாம் முடிந்த அன்று அவளை உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, கதவிடுக்கின் ஓரமாக ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். சுடர் நேராக நின்றது.

"பார்த்தியா? ஆடுதா? காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

அப்படி ஒரு நிசப்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. பிறந்த வீட்டில் அக்கா தங்கைகளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் அவள். தனக்கென்று ஓர் அறை அமைந்தது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. "மைக்குல ஈரம் படப்போகுது, தள்ளி நின்னு அழு" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அந்த அறையில்தான் கழிந்தது. காலையில் காபியோடு இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வருவாள். மறுபடி இறங்கினால் சாயங்காலம்தான். சமைக்கும் வேலையைப் புருஷனும் மகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மகளுக்குப் பரீட்சை வந்தால், பதிவு இல்லாத நேரங்களில் அவளும் புத்தகத்தோடு அங்கே போய் அடைந்துகொள்வாள். "வெளியில குண்டு வெடிச்சாலும் இங்க தெரியாது, அம்மா" என்பாள். பல வருஷங்கள் இப்படியே ஓடின. மகள் பள்ளியில் படித்த பாடங்களையே அம்மா அங்கே உட்கார்ந்து வேறு பிள்ளைகளுக்கு வாசித்தாள்.

தொண்டையைக் கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள் அவள். ஐஸ் போட்ட எதையும் தொடமாட்டாள். தூசி பறந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் எழுந்து போய் நின்றுகொண்டே வருவாள். தெரிந்தவர்களுக்கு இது ஒரு கேலிப் பொருள். பிழைப்பே அதுதானே என்று அவள் விட்டுவிடுவாள்.

அந்தத் தொண்டைதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் வரலாற்றுப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வார்த்தை நடுவில் கிழிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தாள். மறுபடி கிழிந்தது. சளி என்று நினைத்தாள். வெந்நீர்க் கொப்பளிப்பும் பேசாத ஓய்வும் ஒன்றுக்கும் உதவவில்லை. குரல் நாளுக்கு நாள் தேய்ந்து, ஓட்டைப் பலூனிலிருந்து போகும் காற்று மாதிரி ஆகிவிட்டது. பதிவு கேட்டவர்கள் முதலில் பொறுத்தார்கள். பிறகு வேறு குரல் தேடிக்கொண்டார்கள்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"குரல் நாண்ல கட்டி எதுவும் இல்லை. ஆனா இடது பக்க நாண் அசையவே இல்லை. அதை அசைக்கிற நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கித் திரும்பி மேல வரும். வழியில ஏதோ ஒண்ணு அதை அமுக்குது. நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடுவோம்."

ஸ்கேனில் தெரிந்தது. இடது நுரையீரலில் கட்டி. அது அதோடு நிற்கவில்லை. நெஞ்சுக்கூட்டின் நடுவே, முதுகெலும்பில், இன்னும் ஓரிரு இடங்களில் வேர்விட்டிருந்தது. அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் பெரிய ஆஸ்பத்திரியின் நுரையீரல் டாக்டரம்மா. மருந்து கொடுத்துத் தள்ளிப்போடலாம். அவ்வளவுதான்.

அதன் பிறகு யார் பார்க்க வந்தாலும் ஒரே கேள்வி. சிலர் நேராகக் கேட்டார்கள். சிலர் சுற்றி வளைத்தார்கள். "அவர் சிகரெட் பிடிப்பாரோ?" எதிர்வீட்டு அக்கா ஆரஞ்சுப் பழத்தை நீட்டிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவர் இல்லை. அதைச் சொன்னால் யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. "பின்ன எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கேள்வி அவரை அரிக்க ஆரம்பித்தது. ஒருநாள் ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். வேலை முடிந்து வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல், நடுங்கும் குளிரில் பின்கட்டில் நின்று தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். வேலைச் சட்டை வெளிக் கொடியில் தொங்கியது.

"என்னங்க இது, இந்தக் குளிர்ல?" என்று கிசுகிசுத்தாள். அவளால் முடிந்தது அந்தக் கிசுகிசுப்புத்தான்.

"மரத்தூள். இத்தனை வருஷமா சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்திருக்கேன். நீ அதைத்தானே சுவாசிச்சிருக்கே?"

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததுமே அவர் கேட்டது இதைத்தான். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்க சட்டையில வர்ற தூளால இது வராதுங்க. அப்படி எதையும் மனசுல வச்சுக்காதீங்க."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் இல்லை, நான் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ராத்திரி பல வாரங்களுக்குப் பிறகு அவர் அசந்து தூங்கினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இவ்வளவு நாளில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அவளுக்குப் பட்டது.

அதற்கடுத்த முறை மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருந்தபோது அவர் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். டாக்டரம்மா கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்து, வீடு எந்தப் பக்கம், எப்படிப்பட்ட வீடு, பகலில் எங்கே இருப்பீர்கள் என்று சாதாரணமாகத்தான் விசாரித்தாள். இவளும் கீழறையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"பாறையை வெட்டின இடமா? ஜன்னல் இல்லையா?"

"இருந்துச்சு. அடைச்சுட்டோம். சத்தம் வரக்கூடாதில்ல."

"ரேடான்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"பாறையிலயும் மண்ணுலயும் கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அது தன்னால சிதையும்போது வர்ற வாயு அது. வெளியில வந்தா காத்தோட கலந்து போயிடும், ஒண்ணும் பண்ணாது. வீட்டுத் தரையில வெடிப்பு இருந்தா அது வழியா உள்ள ஏறி, காத்தோட்டம் இல்லாத இடத்துல தேங்கிடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பக்கத்துலயே இருந்தாலும் தெரியாது. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலைக் கெடுக்கும். சிகரெட்டே தொடாதவங்களுக்கு இந்த நோய் வர்றதுக்கு இது ஒரு பெரிய காரணம்."

அவள் தன் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தின் சொட்டுகளையே பார்த்தாள்.

"உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு நானோ வேற யாருமோ அடிச்சுச் சொல்ல முடியாது" என்றாள் டாக்டரம்மா. "ஆனா வீட்டுல மத்தவங்களும் இருக்காங்களே. அளந்து பார்த்துடறது நல்லது. எங்ககிட்ட ஒரு கருவி இருக்கு, தர்றேன்."

சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக ஒரு பெட்டி. அதைக் கைப்பையின் அடியில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி மைக் மேஜைமேல் வைத்துக் கதவைச் சாத்தினாள். குரல் போனதிலிருந்து அவள் அங்கே போகவில்லை. பஞ்சும் மரமும் கலந்த அதே வாசனை. மனசு ஒரு நிமிஷம் ஏங்கியது.

சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தாள். பெட்டியின் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அளவைப் போலப் பல மடங்கு. பெட்டியைத் தூக்கிவந்து மேலே படுக்கையறையில் வைத்துப் பார்த்தாள். அங்கே குறைவுதான். ஆனால் அங்கேயும் அளவைத் தாண்டியே இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் சுவரைப் பார்த்தாள். தன்னைப் பற்றிய நினைப்பு ஆச்சரியமாக வரவே இல்லை. முடிந்துபோனது முடிந்துபோனதுதான். பஸ்ஸில் தோளில் சாய்ந்து அழுத ஆள்தான் கண்முன் நின்றார். அவருக்கு இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால் அவரும் மகளும் இந்தக் காற்றையே குடித்துக்கொண்டு கிடப்பார்கள். சொன்னால் அவர் அன்றோடு காலி. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாளும் அதையே நினைத்தாள். கீழறைக்கு இப்போது யார் போகிறார்கள்? மேலே இருப்பது கொஞ்சம்தானே? வாரக்கணக்கில் என்ன ஆகிவிடப்போகிறது? மருந்து ஏற்றிய களைப்பில் மத்தியானங்களில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். எழுந்திருக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது அந்தச் சிவப்பு விளக்கு.

இப்படி இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வாந்தி வருவது போலிருக்க, தூக்கம் கலைந்து எழுந்து வந்தாள். வீடு அமைதியாக இருந்தது. மகளுக்குப் பரீட்சை விடுமுறை. கூடத்தில்தான் படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தாள். கூடத்தில் ஆள் இல்லை. கீழே போகும் படிக்கட்டின் தலைமாட்டில் மகளின் செருப்புகள் கழற்றிக் கிடந்தன.

"பாப்பா!" என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதியில் மூச்சு முட்டியது. உட்கார்ந்து, எழுந்து, மறுபடி இறங்கினாள். வெளிக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கையால் தட்டினாள். உள்ளங்கை எரிய அடித்தாள். தோளால் மோதினாள். இரண்டு கதவு, நடுவில் பஞ்சு, விளிம்பெல்லாம் ரப்பர். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மகள் உள்ளே நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தாள், ஓர் ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

அறை விளக்கின் சுவிட்ச் படிக்கட்டுப் பக்கம் வெளியில்தான் இருந்தது. அது நினைவுக்கு வரவே நேரம் பிடித்தது. எக்கி அதைத் தட்டினாள்.

கதவு திறந்தது. "யாரு லைட்டை அணைச்ச... அம்மா! நீ எதுக்கு இறங்கி வந்தே? கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். மேலே, மேலே என்று சைகை காட்டினாள். கூடத்துக்கு வந்து ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லி, மூச்சு அடங்கிய பிறகு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். மகள் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மெல்லச் சுண்டிப்போனது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

மகள் நிமிர்ந்தாள். "ரெண்டு வாரமா தினம் மத்தியானம் நான் அங்கதான் படிச்சிட்டிருக்கேன், அம்மா. நீ தூங்குற, சத்தம் போடக்கூடாதுன்னுதான் கீழ போனேன்."

அவள் மகளின் கையைத் தேடினாள்.

"சின்னப் பிள்ளையா இருந்தப்பவும் அங்கதான் படிச்சேன். அது உனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கலாம். இது தெரிஞ்சும் எப்படிம்மா சொல்லாம இருந்தே?"

"அப்பாவுக்காக..." என்றாள்.

மகள் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். ஆனால் தொடவில்லை. ரெண்டு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது, இது வருஷக்கணக்கில் சேர்கிற விஷயம் என்று பிற்பாடு டாக்டரம்மா மகளுக்கு எடுத்துச் சொன்னாள். சின்ன வயசுக் கணக்கைப் பற்றி மகள் கேட்டபோது, "ரொம்பக் குறைவுதான், பயப்படாதே" என்றாள். 'இல்லவே இல்லை' என்று அவள் சொல்லவில்லை. அதை அம்மாவும் கவனித்தாள், மகளும் கவனித்தாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும், "நான் சொல்றேன்பா" என்று மகள் வாயெடுத்தாள். அவள் தடுத்துவிட்டாள். இதைச் சொல்லவேண்டியவள் தான்தான். பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, பாறையிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல வந்தாள். அறை என்ற சொல் வரும்வரை அவர் யாரோ ஒருத்தர் கதையைக் கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கீழறையா?"

"ம்."

"நான் கட்டினதா?"

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. யாராலயும் முடியாதாம்."

"அது இல்லைன்னு அடிச்சுச் சொன்னாங்களா?"

அவள் சும்மா இருந்தாள்.

"சொன்னாங்களாடி?"

அவளை 'டி' போட்டு அவர் கூப்பிட்டதே இல்லை. கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, கருவிப் பெட்டியைத் திறந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு கீழே போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவுகள் பெயர்ந்து விழுந்தன. அதற்கப்புறம் அந்த அறையிலிருந்து எல்லாச் சத்தமும் மேலே வந்தது. பலகை பிளக்கும் சத்தம், ஆணி பிடுங்கும் சத்தம், நடுவில் மனுஷ சத்தமும். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் பொத்தவில்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் நின்ற பிறகு மகளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். பஞ்சுக் குவியலுக்கு நடுவில் அவர் மண்டியிட்டிருந்தார். கம்பளத்தைச் சுருட்டித் தள்ளியிருந்தார். சிமெண்ட் தரையில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை வெடிப்பு ஓடியது. விரல் நுனி நுழையும்.

"இது எனக்குத் தெரியும்" என்றார், அவளைப் பார்க்காமல். "கம்பளம் விரிக்கும்போதே பார்த்தேன். பூசணும்னு நினைச்சேன். மேல கம்பளம்தானே வரப்போகுது, யாரு பார்க்கப்போறான்னு விட்டுட்டேன்."

"பூசியிருந்தா மட்டும் நின்னிருக்குமா? வேற வழியில வந்திருக்கும்."

அவர் காதில் ஏறவில்லை.

அந்த வாரமே இதற்கென்றே இருக்கும் குழாய் வேலைக்காரர் ஒருத்தரைப் பிடித்து மகள் கூட்டிவந்தாள். தரையில் துளை போட்டு, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சுவரோரமாகக் கூரைக்கு மேலே கொண்டுபோய், நடுவில் ஒரு சின்ன விசிறியைப் பொருத்தினார். பூமிக்கடியிலிருந்து வருவதை அது உறிஞ்சி ஆகாயத்தில் விட்டுவிடும். வெடிப்பையும் பூசி அடைத்தார். காலையில் வந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் தச்சர்.

"அவ்வளவுதாங்க. இது ஒண்ணும் பிரமாத வேலை இல்லை. இந்தச் சரிவுல இருக்கிற நிறைய வீட்டுக்கு இது தேவைப்படும். யாரும் அளந்து பார்க்கிறதில்லை, அதான்."

சில நாளில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மகள் அதை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள். அவள் சிரிக்க முயன்றாள். அரை நாள் வேலை. அதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பெரிய யுத்தம், பெரிய விபத்து என்று ஏதாவது இருந்திருந்தால் விதி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு குழாய், ஒரு விசிறி. யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"தெருவுல சொல்லுங்க" என்று அவரிடம் கிசுகிசுத்தாள். "நமக்குத்தான் யாரும் சொல்லலை. நீங்க அவங்களுக்குச் சொல்லுங்க."

அவள் கேட்டதற்காகப் போனார். வாயில் வார்த்தை வராத மனுஷர், வீடு வீடாக ஏறி, தன் வாயால் தன் கதையைச் சொன்னார். நான் கட்டிய அறையில்தான் அவளுக்கு வந்தது என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லவேண்டியிருந்தது. வெல்டிங் பட்டறைக்காரர் சிரித்தார்: "இரும்புப் புகையிலேயே உயிரோட இருக்கேன். கண்ணுக்குத் தெரியாத வாயுவா என்னை அடிக்கப்போகுது?" எதிர்வீட்டு அக்கா வேறு விதம். வாசலை விட்டு உள்ளே கூப்பிடாமல், குரலைத் தணித்துச் சொன்னாள்: "தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா இதை இப்படி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதீங்க. நாங்க வீட்டை விக்கலாம்னு இருக்கோம். தெருவுக்கே கெட்ட பேர் வந்துடும்."

அந்த வெள்ளைப் பெட்டியை எந்த வீடும் கேட்டு வாங்கவில்லை. அவர் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "சொல்லிட்டேன்" என்றார். எதிர்வீட்டு அக்கா பிறகு ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டாள்.

அவர் வேலைக்குப் போவது குறைந்தது. கதவு செய்யச் சொல்லி வருபவர்களை, "வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டில் எந்த ஜன்னலையும் சாத்த விடமாட்டார். குளிர்காலக் காற்று வீடு முழுக்கச் சுற்றி வரும். எலும்பும் தோலுமாய்ப் போன அவள் மூன்று போர்வைக்கு அடியில் நடுங்குவாள். மகள் போய்ச் சாத்துவாள். அவர் வந்து திறப்பார். ஒருநாள் இரண்டு பேருக்கும் அவள் கண்ணெதிரேயே சண்டை வந்துவிட்டது.

"அம்மா குளிர்ல செத்துடுவாங்கப்பா!"

"மூடி வச்சித்தான் கொன்னேன். திறந்து வச்சாவது பார்க்கிறேன்."

மகள் ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடியே நின்றாள். படுக்கையில் கிடந்தவளுக்குப் பேசவேண்டும் போலிருந்தது. அந்த அறையில் தான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லவேண்டும். அது பொய்யில்லை. தன் வாழ்க்கையில் யாரும் தனக்குச் செய்யாததை அவர் செய்தார் என்றும் சொல்லவேண்டும். கையசைத்து அவரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"அந்த அறை..." என்று தொடங்கினாள்.

அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது அவருக்கு. முகம் கோணியது. "வேண்டாம்மா. மூச்சு வாங்கும். பேசாத" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கை அப்படியே நீண்டிருந்தது. மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், வேறொரு நாள். அதற்குள் உதடு அசைந்ததே தவிர, பக்கத்தில் இருந்த மகளுக்குக்கூட ஒன்றும் விளங்கவில்லை. எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தால் கை நடுங்கிக் கோடுதான் வந்தது.

குளிர் குறைய ஆரம்பித்த ஒரு காலையில் மகள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் இருமினாள். ஊரெல்லாம் இருந்த சாதாரணச் சளிதான். இன்னொரு தடவை இருமினாள். கூடத்தில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. அடுப்படியில் குழாய் மூடும் சத்தம் கேட்டது. மகளும் அங்கே அசையாமல் நிற்கிறாள் என்று படுக்கையிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அடுத்த இருமலை வரவிடாமல் மகள் தொண்டைக்குள்ளேயே அடக்கிக்கொள்கிறாள் என்பதும் தெரிந்தது. அவரும் காத்திருந்தார், அவளும் காத்திருந்தாள். இனி இந்த வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும், தான் போன பிறகும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு விளங்கியது. வெறும் சளிதான் என்று ஒரு வார்த்தை சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அவர் அவளுக்குப் பசி என்று நினைத்துக்கொண்டு கஞ்சியை ஊட்டினார்.

அந்த வாரக் கடைசியில் அவள் போய்விட்டாள்.